தடித்த எழுத்தில் புனிதம் தங்குமா?

புனிதம் சொல்லில் இருக்கிறதா, அது எழுதப்படும் வடிவத்தில் இருக்கிறதா? காயல்பட்டினத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அங்கே பிறந்த இமாமுல் அரூஸ் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) மார்க்க நூல்களை அரபுத்தமிழில் தந்தார். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அந்த எழுத்துகளில் கூடுதல் குறிகள் சேர்ந்தன. வடிவம் மாறியது, மார்க்கம் குறையவில்லை.

இன்றைய சுவரொட்டி எழுத்தின் இயல்பு வேறு. ஜெஃப்ரி லீ வடிவமைத்து 1965-இல் வெளிவந்த இம்பாக்ட் எழுத்துரு அதற்குப் பெயர்பெற்ற உதாரணம்: தடித்த கோடுகள், நெருக்கிய அகலம், எழுத்துக்குள் மிகச் சிறிய வெளி. தொலைவில் வருபவரையும் நிறுத்தும். பத்தி பத்தியாக வாசித்தாலோ கண் களைக்கும். தமிழில் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அந்த நெருக்கத்தில் அடைபட்டுவிடும்.

ரமலான் அறிவிப்பை இப்படி அச்சிட்டால் பக்தி குறையுமா?

குறையாது. அறிவிப்பின் கடமை ஊரைக் கூட்டுவது. ஓதலின் கடமை வேறு. அரபியில் சொல்லின் நடுவே ஒரு புள்ளி கீழிருந்து மேலே போனால் ‘பா’ ‘நூன்’ ஆகிவிடும். உயிர்க்குறிகளுக்கும் தாராளமான இடம் வேண்டும். ஆகவே தலைப்பில் தடித்த எழுத்து நிற்கலாம். இறைவசனத்தை அதில் நெருக்குவது ஓதுபவருக்குச் செய்யும் அநீதி.