நோயுற்றவரின் உருவம் யாருக்குச் சொந்தம்?

1984-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழகம் தேர்தலைச் சந்தித்தபோது, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவர் உயிரோடு இல்லை என்ற வதந்தியும் உலவியது. அவர் உணவருந்துவதையும் நாளிதழ் பார்ப்பதையும் காட்டும் ஒளிப்பதிவை அவருடைய கட்சியினர் ஊர்தோறும் திரையிட்டனர். தொலைக்காட்சிப் பெட்டி அரிதாயிருந்த கல்லாவி போன்ற சிற்றூர்களில் கண்ணால் கண்டதே சான்று. ஆண்டிபட்டிக்கு வாராமலேயே அவர் அங்கு வென்றார்.

அப்படம் பொய்யன்று, வதந்தியை அது மறுத்தது. ஆனால் நோய் அவருடைய பேச்சுத்திறனைப் பாதித்திருந்ததை அது சொல்லவில்லை. உண்மையின் ஒரு துண்டு, முழு உண்மையின் இருக்கையில் அமர்ந்துகொண்டது.

2017 டிசம்பர் 20 அன்று, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள், மறைந்த ஜெயலலிதா மருத்துவமனையில் பழச்சாறு அருந்தும் காட்சியை டி.டி.வி. தினகரன் அணியினர் வெளியிட்டனர். சந்தேகத்தைப் போக்கவே வெளியிட்டதாகக் கூறினர். தலைவரின் உடல்நிலையை அறிய மக்களுக்கு உரிமை உண்டல்லவா? உண்டு. ஆயின், அவர் மறைந்து ஓராண்டு கடந்தும் வெளிவராத காட்சி, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாளில் வெளிவருவானேன்? ஆதாயம் கிட்டும் நாள்வரை பூட்டிவைத்த உண்மை, அறத்தின் சந்தையில் எடை குறைந்ததே.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், நடப்புச் செய்திகளை அறிவிக்கவும் விமர்சிக்கவும் பிறர் படைப்பை நியாயமாகக் கையாள இடமளிக்கிறது. தொலைக்காட்சியில் வரும் அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று தேவையென 2004 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவை தேவையான வேலிகளே. ஆனால் பதிப்புரிமைச் சட்டம், படத்தின் உரிமையாளர் யார் என்று கேட்கிறது. படத்தில் படுத்திருப்பவரின் மாண்பு என்னவாயிற்று என்று கேட்பது மனச்சான்று.

பாலைநிலத்தில் இயேசுவைச் சோதித்தவன் திருப்பாடலையே எடுத்துரைத்தான். சொற்கள் மெய், எடுத்தாண்ட நோக்கமோ வஞ்சகம். எடுத்தாள்பவன் நேர்மையற்றவனாயின் மெய்ச்சொல்லும் பொய்ச்சான்றாகிவிடும்.

இன்று ஒரு நொடியில் காட்சியை வெட்டவும் ஒட்டவும் கருவி நம் கையிலேயே இருக்கிறது. எனவே பிறருக்கு அனுப்புமுன் நாம் வினவ வேண்டியவை மூன்று: இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது? இதில் தோன்றுபவர் நம் தாயாகவோ தந்தையாகவோ இருந்தால் அனுப்புவோமா? ஏன் இன்று இது நம்மிடம் வந்தது? விடை கிடைக்கும்வரை விரலை நிறுத்துவதும் அயலாருக்கு நாம் செய்யும் நீதியே.