பழியின் சுவையும் வராத சாட்சியும்

தன் குடும்பத்தைச் சிதைத்தவர்களை ஒருவன் தேடிப் பிடித்து ஒவ்வொருவராகக் கொன்று தீர்க்கும் கதையை, வாழ்க்கையில் ஓர் உயிரையும் வதைக்கத் துணியாத சாந்த ஸ்வபாவமுள்ள மனிதர்கள் இருட்டுக் கொட்டகையில் அமர்ந்து ஆவலோடு பார்ப்பதும், பார்த்து முடித்தபின் மனத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியவர்களாக வீடு திரும்பி நிம்மதியாக உறங்குவதும் எல்லாத் தேசங்களிலும் காணக்கூடியவை. அந்தக் களிப்பு குற்றமா, குற்றமெனில் அது பார்ப்பவருடையதா அல்லது படைத்தவருடையதா என்ற கேள்வியை, சினிமா வெறும் பொழுதுபோக்குத்தானே என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் ஒரு சமூகம் எதைக் கண்டு களிக்கிறதோ அதைக் கொண்டே அதன் ரகசியமான ஏக்கங்கள் வெளிப்படுகின்றன ஆகையால், அறத்தில் அக்கறை கொண்டவர்கள் அதனைத் தள்ளிவிட முடியாது.

இக்கேள்வியை ஆராய 1979 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் வெளியான ‘மேட் மேக்ஸ்’ என்ற படத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. பாழ்பட்ட எதிர்காலம், மோட்டார் வண்டிகளின் துரத்தல், பழி, கையில் சொற்பப் பணம் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு படவகைக்கே அது மூலமாக அமைந்தது. மூன்றரை லட்சம் முதல் நான்கு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குள் தயாரான அப்படம் உலகெங்கும் 10 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்து, செலவுக்கும் வரவுக்கும் உள்ள விகிதத்தில் நெடுங்காலம் கின்னஸ் சாதனையாக விளங்கியது. இத்தனை பெரிய வரவேற்பை விளம்பரத்தின் மாயம் என்று சொல்லிவிட முடியாது. ஜனங்களின் மனத்தில் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு தாகத்துக்கு அது தண்ணீர் வார்த்திருக்க வேண்டும்.

அதை இயக்கிய ஜார்ஜ் மில்லர் ஒரு வைத்தியர். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள சின்சில்லா என்ற ஊரில், நேரான நெடுஞ்சாலைகளும் அளவற்ற வேகமும் இளைஞர்களின் வாழ்வில் கலந்திருந்த சூழலில் வளர்ந்து, வயது முதிராத நண்பர்களைச் சாலை விபத்துகளில் இழந்து, பின்னர் ஸிட்னி நகரத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சிதைந்த உடல்களை அன்றாடம் கண்டவர். தம் கதாநாயகனுக்கு ராக்கட்டான்ஸ்கி என்று அவர் சூட்டிய குடும்பப்பெயர், பிரேதப் பரிசோதனையை ஒரு சாஸ்திரமாக வளர்த்த வியன்னா நகரத்து ரொகிட்டான்ஸ்கியை நினைவூட்டுவது. தயாரிப்பாளரான பைரன் கென்னடியும் அவரும் பணம் திரட்டிய வழியும் இதற்கு இசைந்ததே: அவசர அழைப்பு வரும் வீடுகளுக்கு மில்லர் வைத்தியம் பார்க்கச் செல்ல, கென்னடி கார் ஓட்டினார். கதையை உடனிருந்து எழுதிய பத்திரிகையாளர் ஜேம்ஸ் மெக்காஸ்லண்ட், 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலுக்காக வரிசையில் நின்ற சாதாரண மனிதர்கள் எவ்வளவு விரைவில் மூர்க்கர்களாக மாறினார்கள் என்பதைக் கவனித்தவர். ஆகவே படத்தில் வரும் நாசம் கற்பனையில் உதித்த நாசமன்று. மருத்துவமனை வாசலிலும் பெட்ரோல் நிலையத்திலும் முன்பே காணக் கிடைத்ததைச் சற்று முன்னே தள்ளி வைத்ததே அது.

வறுமையும் ஒரு கலைஞனைப் போலவே இங்கே வேலை செய்தது. மெல்போர்னைச் சுற்றிய வெறிச்சோடிய சாலைகளிலும் பழுதுபட்ட கட்டடங்களிலும் படமெடுத்தால் செலவு குறையும்; அவ்வாறு எடுத்ததனால் உலகமே ஓய்ந்துபோன தோற்றம் தானாகவே கிடைத்தது. போலீஸ்காரர்களாக நடித்தவர்களில் மிகச் சிலருக்கே அசல் தோல் உடை, ஏனையோருக்குப் போலித் தோல். முதல் துரத்தலில் நொறுக்கப்படும் நீல நிற வேன் மில்லருடைய சொந்த வாகனம். மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் மெய்யான மோட்டார் சைக்கிள் சங்கத்தினர் நடித்தனர். அவர்கள் பெற்ற கூலியில் ஒரு பகுதி பீர். மாயத் தந்திரங்களுக்குப் பணமில்லாததால் திரையில் பாயும் இரும்பு மெய்யான இரும்பாகவும், விழும் மனிதன் மெய்யாகவே விழுபவனாகவும் இருந்தான். பெரும்பணம் கொட்டி எடுக்கும் படங்களில் நகரங்களே தரைமட்டமானாலும் அசையாத மனம், இந்த ஏழைப் படத்தில் ஒரே வண்டி உருளும்போது பதறுவதற்குக் காரணம் அதுவே.

கோபம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக வகுத்திருக்கிறார்: உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்து வருத்துதல், கொலை. ‘மேட் மேக்ஸ்’ கதையை இந்த நான்கின் வரிசையாகவே சொல்லிவிடலாம். டோகட்டர் என்பவனின் கூட்டம் ஓர் ஊருக்குள் புகுந்து ஜனங்களை அலைக்கழிக்கிறது. போலீஸ்காரனான மேக்ஸின் தோழன் கூஸ் தீயில் எரிக்கப்படுகிறான். மனைவியும் குழந்தையும் நடுச்சாலையில் மோதித் தள்ளப்படுகிறார்கள். இறுதியில் மேக்ஸின் முழங்காலில் சுடப்பட்டு, அவன் கையின்மேல் வண்டி ஏற்றப்படுகிறது. பார்ப்பவனின் நெஞ்சில் வெகுளி படிப்படியாக அடுக்கப்பட்டு, பழி என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் அதைத் தணிக்காது என்ற நிலைக்கு அவன் கொண்டுவரப்படுகிறான். அந்நிலையில் அவனிடம் தோன்றும் சினம், அநீதியைக் கண்டு எழுவது. அதனை ஒரு பாவமென்று சொல்பவர் அநீதியைக் கண்டும் எழாத மனத்தைப் புண்ணியமென்று சொல்ல நேரும். ரௌத்திரத்தையும் ஒரு ரஸமாகவே வைத்துப் போற்றிய நம் முன்னோர், கோபத்தை வாழ்க்கையில் அனுபவிப்பதும் அரங்கில் சுவைப்பதும் வேறு வேறு என்பதை நன்கு அறிந்திருந்தார்கள்.

இவ்வாதத்தை ஏற்காதவர்களும் உண்டு. ஆஸ்திரேலிய சினிமாத் தொழிலின் மறுமலர்ச்சிக்கு உழைத்தவர்களில் ஒருவரான ஃபிலிப் ஆடம்ஸ், படம் வந்தவுடனே ‘புல்லட்டின்’ பத்திரிகையில் அதனைக் கடுமையாகக் கண்டித்து, கொடிய சித்தமுள்ளவர்கள் இதை விரும்பிப் பார்ப்பார்கள் என்று எச்சரித்தார். நியூஸீலாந்து 1983 வரையிலும் ஸ்வீடன் 2005 வரையிலும் படத்தைத் தடுத்து வைத்திருந்தன. தடையினால் பயன் விளையவில்லை என்பது ஒருபுறமிருக்க, ஆடம்ஸின் கவலையைப் பழமைவாதியின் பயம் என்று இகழ்ந்துவிடுவது நேர்மையன்று. கொடுமையைக் காட்டிக் காசு பார்க்கும் தொழில் உலகில் உண்டு. அதைக் கண்டு ஒருவர் அஞ்சினால் அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட படத்தின்மீது அக்குற்றச்சாட்டு நிலைக்காது. தாயும் சேயும் மோதப்படும் கணத்தைக் காமிரா காட்டுவதில்லை. சாலையில் உருளும் பந்தும் ஒரு சிறு காலணியுமே திரையில் வருகின்றன. கண்டவர்களோ நேரில் பார்த்ததைக் காட்டிலும் அதிகமாகத் துடித்தார்கள். விபத்தில் சிக்கிய உடல் எப்படியிருக்கும் என்பதை அறிந்த கைகள் அதனைக் காட்சிப் பொருளாக்க மறுத்த இடம் அது.

அப்படியானால் குறையே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அதை இரத்தத்தில் தேடியவர்கள் தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்கள். கூஸ் எரிக்கப்படுவதற்கு முன்பு, ஓர் இளம்பெண்ணையும் அவளுடன் இருந்தவனையும் சீரழித்த குற்றத்துக்காக அக்கூட்டத்தின் இளையவன் ஜானி கையும் களவுமாகப் பிடிபடுகிறான். வழக்கு நிற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் வரவில்லை, ஊர்க்காரர்களில் எவரும் வரவில்லை. வாய்திறந்து சொல்ல ஒருவரும் இல்லாததால் அவன் சிரித்துக்கொண்டே வெளியே போகிறான். சட்டம் செத்துவிட்டது என்று அக்கணத்தில் கொட்டகை முழுவதும் தீர்மானித்துவிடுகிறது. நியாயஸ்தலத்தின் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துக் கழன்று தொங்குவதைக் காட்டி அத்தீர்மானத்தைப் படமும் வலுப்படுத்துகிறது. அமைதியாக யோசித்தால், செத்தது சட்டமன்று. பயத்தினால் வீட்டுக்குள் இருந்துவிட்ட மனிதர்களே அந்த வழக்கைத் தோற்கடித்தவர்கள். அந்த உலகத்துக்கு வேண்டியிருந்தது எட்டு சிலிண்டர் கறுப்புக் காரும் அதை ஓட்டும் ஒரு வீரனும் அல்ல. உயிருக்கு அஞ்சினாலும் நியாயஸ்தலத்தின் படியேறிக் கண்டதைக் கண்டவாறு சொல்லும் ஒரே ஒரு சாட்சி. படம் அந்தச் சாட்சியைப் பற்றி மறுபடி நினைப்பதே இல்லை, பார்ப்பவர்களும் நினைப்பதில்லை. நினைத்தால் சுவை குன்றிவிடும், ஏனெனில் பழிவாங்குபவனோடு தம்மை ஒப்பிட்டு மகிழ்வது யாருக்கும் இனியது. வராமற்போன சாட்சியோடு ஒப்பிட்டுப் பார்க்க எவர்க்கும் மனம் கூசும்.

பாழ்பட்ட எதிர்காலம் என்ற ஏற்பாடு அறத்தின் கண்கொண்டு பார்க்குமிடத்து இதற்காகவே பயன்படுகிறது. இன்றைய உலகில் ஒருவன் பழிவாங்கப் புறப்பட்டால், போலீஸிடம் போனாயா, வழக்குத் தொடுத்தாயா என்று மனச்சாட்சி கேட்கும். உலகமே பாழாகிவிட்டது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி எழ இடமில்லை. எஸ்கிலஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர் கி.மு. 458-இல் அரங்கேற்றிய ‘ஒரெஸ்தியா’ நாடகங்களில், கொலைக்குக் கொலை என்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த பழியை ஏதென்ஸ் நகரத்துக் குன்றின்மேல் கூடிய ஒரு நியாய சபை முடித்துவைத்து, பழிதேவதைகளுக்கு அந்நகரத்திலேயே மரியாதையான இருப்பிடமும் கொடுக்கிறது. மனித குலம் அரும்பாடுபட்டு ஏறிய அந்தக் குன்றிலிருந்து இப்படங்கள் நம்மைத் திரும்பக் கீழே இறக்குகின்றன. இறங்குவது இலகுவாக இருப்பதையே விடுதலை என்று மனம் மயங்குகிறது. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டோகட்டர் கூட்டமும் பழிவாங்கவே வந்தது. போலீஸ் துரத்தலில் மாண்ட தங்கள் தோழனின் சவப்பெட்டியைப் பெற்றுக்கொண்டுதான் அவர்கள் அந்த ஊரில் தம் அட்டூழியத்தைத் தொடங்குகிறார்கள். அவர்களுடைய கணக்கில் அவர்களே மேக்ஸ்.

படம் எடுக்கப்பட்ட விக்டோரியா மாநிலத்தில் மெய்யாகவே நடந்தது என்ன என்பதையும் இங்கே எண்ணிப் பார்ப்பது தகும். 1970-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் சாலைகளில் 1,061 பேர் இறந்தார்கள். அவ்வாண்டின் இறுதியிலேயே இருக்கைப் பட்டையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை உலகில் முதன்முதலாக அம்மாநிலம் கொண்டுவந்தது. 1976-இல் வண்டிகளைச் சாலையில் நிறுத்தி ஓட்டுநரின் மூச்சில் மதுவைச் சோதிக்கும் முறையை ஏற்படுத்தியது. மறு ஆண்டில்தான் மில்லரும் கென்னடியும் அதே சாலைகளில் காமிராவை நிறுத்தினார்கள். சட்டம் அழிந்த உலகத்தை அவர்கள் கற்பனை செய்துகொண்டிருந்த வேளையில் சட்டம் அவர்களைச் சுற்றி மெதுவாக, பரபரப்பின்றி, உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சில பத்தாண்டுகளில், ஜனத்தொகை பெருகியும், அந்த எண்ணிக்கை முந்நூறுக்கும் கீழே இறங்கியது. இருக்கைப் பட்டையைப் பற்றி எவரும் ஆவேசமான படம் எடுக்க முடியாது என்பது உண்மைதான். அவசரப் பிரிவில் நின்ற வைத்தியர் அதன் அருமையை அறியாதவராகவும் இருந்திருக்க மாட்டார். மருத்துவர் அறிந்த உண்மைக்கும் துக்கப்பட்ட மனம் வேண்டும் கனவுக்கும் இடையே உள்ள தூரமே இப்படங்களின் கவர்ச்சி என்று சொல்லத் தோன்றுகிறது: துக்கத்துக்குப் பொறுமை கிடையாது, சட்டமோ பொறுமையே உருவானது.

இப்படம் தன் சாகசக்காரர்களுக்குப் பட்ட கடன் ஒன்றும் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே சாகசக் காட்சிகளுக்குப் பொறுப்பான கிராண்ட் பேஜும் நாயகியாக நடிக்கவிருந்தவரும் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமடைந்து, நாயகி வேடத்துக்கு வேறு நடிகையைத் தேட வேண்டியதாயிற்று. பாலத்தில் சறுக்கி விழும் ஒருவனின் தலையில் பின்னால் வரும் வண்டி மோதும் காட்சியைக் கண்டவர்கள், அவர் மெய்யாகவே இறந்துவிட்டார் என்று நெடுநாள் பேசிக்கொண்டார்கள். அவர் உயிரோடுதான் இருந்தார். அந்த வதந்தி ஏன் அவ்வளவு ஆர்வமாகப் பரவியது? அசல் ஆபத்தின் வாசனை களிப்பைக் கூட்டுகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பழிக்கதையைச் சுவைப்பது கற்பனையில் நடக்கும் காரியம். கூலிக்கு விழும் ஒருவனுடைய எலும்பு கற்பனையன்று. இத்தாலியிலும் பிலிப்பைன்ஸிலும் 1980-களில் இப்படத்தையும் அதன் அடுத்த பாகத்தையும் பார்த்து வரிசையாக எடுக்கப்பட்ட மலிவுப் படங்கள் பாலைவனத்தையும் கவசமிட்ட வண்டிகளையும் நகல் செய்துகொண்டன. காயத்தை வைத்தியரின் கண்ணால் பார்த்த அந்தப் பார்வையை அவை நகல் செய்யவில்லை. மலிவு என்பது அங்கே பொறுப்பின்மைக்கு மறுபெயராக முடிந்தது.

‘மேட் மேக்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சி இவ்வகையிலே தனித்து நிற்கிறது. விபத்தில் இறந்து கிடப்பவனின் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும் ஜானியை மேக்ஸ் பிடித்து, அவன் கணுக்காலை நொறுங்கிய வண்டியோடு விலங்கிட்டு, ஒழுகும் பெட்ரோலுக்கு எதிரே தீயை ஏற்பாடு செய்து, கையில் ஓர் இரும்பறுக்கும் ரம்பத்தைக் கொடுக்கிறான்: விலங்கை அறுக்க நேரம் போதாது, காலை அறுத்தால் தப்பலாம். தொல்காப்பியர் வகுத்த நான்கில் முதலாவதை, கதாநாயகனே இப்போது செய்விக்கிறான். பின்னால் வெடி வெடிக்க, அவன் திரும்பிப் பார்க்காமல் போகிறான். அவன் முகத்தில் வெற்றியின் சாயை துளியும் இல்லை. பார்ப்பவன் வேண்டிய அனைத்தையும் கொடுத்துவிட்டு, வேண்டியது இதுதானா என்று கேட்பது போன்ற அந்த முகத்தினாலேயே இப்படம் தன் இனத்துப் பிற படங்களிலிருந்து உயர்கிறது. அறத்தின் தராசில் வைத்தால், பழியைச் சுவைக்கவிட்டது அதன் குற்றமாகாது. சுவைத்தபின் வாய் கசக்கும்படி செய்தது அதன் பெருமை. சாட்சியை மறந்தது மட்டுமே அதன் குறை.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் 2024-இல் மில்லர் இயக்கிய ‘ஃபியூரியோஸா’ படத்தில், தாயைக் கொன்றவனைப் பிடித்து நிறுத்தும் நாயகி, தன் தாயையும் குழந்தைப் பருவத்தையும் திருப்பிக் கொடு என்று கேட்கிறாள். அவனோ, எதைச் செய்தாலும் அக்கணக்கு நேராகாது என்று அவளிடமே வாதிடுகிறான். முதல் படத்தில் முகத்தால் மட்டும் கேட்ட கேள்வி இங்கே வாய்விட்டுப் பேசப்படுகிறது. ஆனால் இப்போது அவர் கையில் பெரும்பணம் இருந்தது. சொற்பப் பணத்தோடு முதல் படம் எடுக்கப் புறப்படும் இளைஞர்கள் இன்றும் பாழ்நிலத்தையும் பழைய கார்களையும் நாடிப் போகிறார்கள். அவர்களில் ஒருவர், ஜானியின் வழக்கு விசாரணைக்கு வரும் காலையில், ஊரே கதவைச் சாத்தியிருக்க, சாட்சி சொல்லப் புறப்படும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து அவளுடைய வீட்டு வாசலிலிருந்து நியாயஸ்தலம் வரைக்கும் உள்ள சாலையைப் படமாக்க வேண்டும். உடைக்க ஒரு வண்டிகூடத் தேவைப்படாது. துரத்தலுக்கும் பதற்றத்துக்கும் அந்தச் சாலையில் குறைவிராது.