இல்லறம் கற்பிக்கத் தக்கதோ?

எண்ணும் எழுத்தும் ஆசிரியர் வாயிலாகக் கற்கப்படுகின்றன. உழவும் நெசவும் அத்தொழில் வல்லார் அருகிருந்து பயிலப்படுகின்றன. மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இல்லறம் ஒன்று மட்டும் எவரும் கற்பியாமலே தானாக வந்துவிடும் என்று கருதப்படுகிறது. தாய்மடியில் வளர்ந்தவன் அன்பைப் பாடநூலில் தேட வேண்டுமோ என்று பெரியோர் சிலர் வினவுவர். அவ்வினா எளிதில் தள்ளத் தக்கதன்று. ஆயினும், குடும்ப வாழ்வைப் பற்றிய பாடத்திட்டங்கள் கல்விக்கூடங்களில் வகுக்கப்படும் இந்நாளில், இல்லறம் கற்பிக்கத் தக்கதா, தக்கதெனின் எதனை, யாருக்கு, எம்முறையில் கற்பிப்பது என்பன ஆராய்தற்குரியன.

அன்பு இயல்பாகவே அமைவது. ஆதலின் கற்பிக்க வேண்டா என்பது ஒரு சாரார் கொள்கை. இதற்கு விடை அயோத்தி அரண்மனையிலேயே கிடைக்கிறது. இராமனுக்கு முடிசூட்டு விழா என்ற செய்தியைக் கேட்டவுடன் கைகேயி மகிழ்ந்தாள். செய்தி கொணர்ந்த மந்தரைக்கு அணிகலனைப் பரிசாக ஈந்தாள். அவளிடத்தில் அன்புக்குக் குறைவில்லை. தன் மகன் நிலை என்னாகுமோ என்ற அச்சம் பிறர் வாய்ச்சொல்லால் உள்ளத்துட் புகுந்தபோது, அதனைச் சற்றே நிறுத்தி ஆராயும் பயிற்சிதான் அவளிடம் இல்லை. அச்சத்தை அச்சமாகவே கணவனிடம் எடுத்துரையாமல் கோபக்கிருகம் புகுந்தாள். தசரதனோ, அவள் கேட்கப்போவது இன்னதென்று அறியுமுன்னரே தருவதாக ஆணையிட்டான். அன்பு நிறைந்த குடும்பம் ஓரிரவில் நிலைகுலைந்தது. அன்பு இயற்கையாயினும் அதனைக் காக்கும் முறை பயிற்சியால் வருவதே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, எதனைக் கற்பிப்பது? திருவள்ளுவர் இல்லறவியலை 20 அதிகாரங்களாக வகுத்தார். அவற்றுள் வாழ்க்கைத்துணையைப் பற்றியது ஒன்று. மக்களைப் பற்றியது ஒன்று. ஆனால் நாவைப் பற்றியனவோ மூன்று: இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை. அடக்கம், பொறை, அழுக்காறின்மை ஆகியனவும் இல்லறவியலிலேயே இடம்பெற்றுள்ளன. மனைவியை அல்லது கணவனைத் திருத்தும் வழியைத் தேடுவோனுக்கு, முதலில் தன்னைத் திருத்தும் வழியையே அந்நூல் காட்டுகிறது. பாடத்திட்டம் வகுப்போர் மனத்திற்கொள்ள வேண்டிய அமைப்பு இதுவேயாம்.

தற்கால ஆராய்ச்சியும் இதனோடு முரண்படவில்லை. அமெரிக்க உளவியலறிஞர் ஜான் காட்மன், தம்பதியர் உரையாடும் முறையைப் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கி, உறவைச் சிதைக்கும் நான்கு வழக்கங்களை வகுத்துரைத்தார். செயலை விடுத்துக் குணத்தையே பழித்தல், இகழ்தல், தன்மேல் தவறே இல்லையென வாதித்தல், பேச்சை அறுத்து முகம் திருப்புதல் என்பன அவை. இவற்றுள் இகழ்ச்சியே மிகக் கொடியது என்பது அவர் கண்ட முடிவு. உலக சுகாதார நிறுவனம் 1990களில் சிறார் கல்விக்கென வகுத்த 10 வாழ்க்கைத் திறன்களுள், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்தலும், உணர்ச்சியை ஆளுதலும், உள்ளத்திலுள்ளதைத் தெளிவுற உரைத்தலும் அடங்கும். இவை யாவும் பழகப் பழகக் கைகூடுவன.

யாருக்குக் கற்பிப்பது என்பது அடுத்த வினா. மனையியல் என்னும் பாடம் நம் நாட்டில் நெடுங்காலம் பெண்களுக்கே உரியதாகக் கொள்ளப்பட்டது. தில்லியில் 1932ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற லேடி இர்வின் கல்லூரி மகளிர் கல்லூரியே. இல்லம் இருவரால் இயல்வதாக இருக்க, ஒருவருக்கு மட்டும் பாடம் சொல்வது வண்டியின் ஒரு சக்கரத்துக்கு மட்டும் மசகிடுவதை ஒக்கும். ஆண்மக்களும் ஒருங்கிருந்து கற்றாலன்றி இக்கல்வி நிறைவுறாது.

இவ்விடத்தில் ஓர் அறச்சிக்கல் எழுகிறது. பொறுமையைக் கற்பிக்கும் பாடம், அடிபடுகின்றவளையும் பொறுத்திரு என்று சொல்லிவிடுமாயின், அது அறத்தைக் கற்பித்ததாகுமா? ஆகாது. பிழையைப் பொறுப்பது வேறு. கொடுமைக்குப் பணிவது வேறு. திருப்பிச் செய்யும் ஆற்றல் இருந்தும் பொறுப்பவனிடத்திலேயே பொறை பெருமை பெறுகிறது. வேறு வழியின்றித் துன்புறுவோர் நிலையைப் பொறையென்று புகழ்வது கொடியோனுக்குத் துணைபோவதாகும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் இவ்வெல்லையை வரைந்துள்ளன. உடலை வருத்துவது மட்டுமன்றி, சொல்லால் வருத்துவதும், பொருளை மறுத்து வருத்துவதும் வன்முறையே எனப் பின்னைய சட்டம் கூறுகிறது. சட்டத்தைப் புகட்டினால் குடும்பங்கள் பிரியுமே என்று அஞ்சுவோர் உளர். வேலி பயிரைப் பிரிப்பதில்லை, காக்கிறது. எல்லை எதுவென்று இருவரும் அறிந்த இல்லத்திலேயே அச்சமற்ற அன்பு தழைக்கும்.

முடிவாக, முறையைக் காண்போம். தேர்வெழுதி மதிப்பெண் பெறுவதால் இக்கல்வி நிறைவெய்தாது. இனியவை கூறலைப் பிழையின்றி ஒப்புவித்த மாணவன், வீடு சென்று தங்கையை வைதானாயின் அவன் கற்றது யாது? ஆதலின் ஒவ்வொரு பாடமும் ஒரு செயலில் முடிதல் வேண்டும். கருத்து வேறுபாட்டை இகழாமல் உரைத்துப் பழகுதல், மாற்றார் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பின்னரே மறுமொழி கூறுதல், வீட்டு வரவுசெலவைக் கூடியிருந்து எழுதுதல், முதியோர்க்குப் பணிவிடை செய்தலை முறைவைத்துப் பகிர்தல் ஆகியன அத்தகையன. அடுத்த வகுப்பில் தான் செய்ததையும் செய்யத் தவறியதையும் மாணவன் எண்ணிப் பார்க்கட்டும்.

இத்துணையும் செய்யினும், பள்ளி இல்லத்துக்கு ஈடாகாது. ஆசிரியர் ஒரு நாழிகை சொன்னதை வீடு நாள்முழுதும் மெய்ப்பிக்கும் அல்லது பொய்ப்பிக்கும். பெற்றோர் ஒருவரையொருவர் விளிக்கும் குரலிலிருந்தே குழந்தை மரியாதையைக் கற்கிறது. மூத்தோர்க்கு நீர் தரும் கையிலிருந்தே தொண்டைக் கற்கிறது. எனவே, இல்லறம் கற்பிக்கத் தக்கதே. அதைக் கற்பிக்கும் பொறுப்பினைப் பாடத்திட்டத்தின்மேல் மட்டும் சுமத்துதலே தகாதது. உற்றார் உறவினரோடு திருவிழாக் காண வந்துள்ள அன்பர்கள் இதனைத் தம்முள் கலந்து சிந்திப்பாராக. அவ்வாறு கலந்து சிந்திப்பதே இக்கல்வியின் முதற்பாடமும் ஆகும்.