ஓரிசையும் ஈருள்ளமும்

இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு, தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையானது. பெரிதும் கருவியிசையே கொண்டது. அதனைக் கேட்டுச் சுங்கைப் பட்டாணியில் ஒருவர் கண் கலங்குகிறார். கெடாவின் தோட்டமொன்றில் வளர்ந்த அவர் நண்பரோ அசையாதிருக்கிறார் எனக் கொள்வோம். அசையாதவரைச் சுவையுணர்வு அற்றவர் எனலாமா?

அவரே திருவிழா இரவில் உறுமி முழங்கக் கேட்டால் மெய்சிலிர்ப்பார். பால்மரக் காட்டின் இருளும், கூட்டத்தில் தாய் பற்றியிருந்த கையும் அவ்வொலிக்குள் வாழ்கின்றன. வயலினுக்குள் அவருடைய நினைவு எதுவுமில்லை. குழலினும் யாழினும் மழலையை வள்ளுவர் உயர்த்தியதும் இதனாலன்றோ? மழலையில் பண் இல்லை, உறவு இருக்கிறது.

ஆயினும், பிறந்த சூழலே முடிவன்று. அவ்வாறாயின் கல்விக்கு வேலையே இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய செவிக்கு அயலிசையும் உறவாகும். அதற்குக் காலமும் அன்பும் வேண்டும்.

வகுப்பில் செய்யுளைக் கேட்டு உருகாத மாணவனை 'உணர்ச்சியற்றவன்' என ஒதுக்குதல் அறமாகாது. அவனுள் முழங்கும் உறுமிக்கு ஆசிரியர் முதலில் செவிகொடுக்கட்டும். தன் இசை மதிக்கப்படக் கண்டவனே பிறர் இசைக்கும் நெஞ்சைத் திறப்பான்.