பார்ப்பவர் கண்ணுக்கா, படைத்தவன் பார்வைக்கா?

 

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரியது. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

சென்ற ரமலானின் கடைசிப் பத்தில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்ததும் எங்கள் மோதினாருக்குப் பெருநாளைக்கென ஒரு கைலி எடுக்கலாமென்று ஜவுளிக் கடைக்குச் சென்றேன். அங்கே, முதல் வரிசையில் நின்று தொழும் ஒரு சகோதரர் தம் மகனுடன் நின்றிருந்தார். பையனுக்குப் பதினான்கு வயதிருக்கும். கடைப் பையன் எடுத்துப் போட்ட கால்சட்டைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் நல்ல துணி. பையனோ ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு, "இது அந்தப் படத்துல வர்ற மாதிரி இல்ல அத்தா" என்றான். கடைசியில் அவன் கேட்டது கிடைத்தது. விலை, தகப்பனாரின் நான்கு நாள் கூலி. அவர் முதலாளியின் காதருகே குனிந்து, "மீதியைப் பெருநாள் கழிச்சுத் தந்துடுறேன் முதலாளி" என்று சொன்னது என் காதிலும் விழுந்துவிட்டது. கையில் கொடுத்த பணத்தையும் வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! பகலெல்லாம் பட்டினி கிடந்து நோன்பு நோற்றவர், இரவெல்லாம் நின்று வணங்கியவர், அல்லாஹ்வும் ரசூலும் போர் தொடுக்கும் பாவமென்று திருமறை எச்சரிக்கும் வட்டியில் காலை வைத்துவிட்டார். எதற்காக? மானத்தை மறைக்கவா? இல்லை. வெள்ளித்திரையில் ஒருவர் அணிந்ததைத் தம் மகனும் அணிய வேண்டும் என்பதற்காக!

இந்த ஆசை இன்று பிறந்ததல்ல. ஸூரத்துல் கஸஸில் காரூனின் வரலாற்றை அல்லாஹ் எடுத்துரைக்கின்றான். காரூன் தன் அலங்காரத்துடன் மக்கள் முன்னே பவனி வந்தான். உலக வாழ்வை விரும்பியவர்கள் அதைக் கண்டு, அவனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கக் கூடாதா என ஏங்கினார்கள். கல்வி ஞானம் பெற்றவர்களோ, அல்லாஹ்வின் கூலியே மேலானது என்று கூறி அவர்களைக் கண்டித்தார்கள். பிறகு என்ன நடந்தது? காரூனையும் அவன் வீட்டையும் பூமி விழுங்கிற்று. நேற்று ஏங்கியவர்களே, அல்லாஹ் அருள் புரியாதிருந்தால் நம்மையும் பூமி விழுங்கியிருக்குமே என்று மறுநாள் நடுங்கினார்கள்.

காரூனின் பவனி அவனுடைய ஊர்த் தெருவோடு நின்றது. இன்றைய பவனியோ திரைப்படமாகவும் தொலைக்காட்சியாகவும் வந்து, இப்போது கைப்பேசியில் ஏறித் தொழுகை விரிப்பின் ஓரம் வரை வந்துவிட்டது. அன்று போலவே இன்றும் பார்த்தவர் உள்ளம் ஏங்குகிறது.

1985-ஆம் ஆண்டு "பூவே பூச்சூட வா" என்ற படம் வந்தது. அதில் நடித்த நதியாவின் பெயரால் வளையலும் கம்மலும் தமிழ்நாட்டுக் கடைகளில் விலை போயின. அந்த வளையல்தான் வேண்டும் என்று அன்று அடம் பிடித்து அழுத சிறுமிகள் சிலர் இன்று பேரன் பேத்தி கண்டுவிட்டார்கள். அந்த வளையல் எங்கே? அதற்காக வீட்டில் நடந்த சண்டை மட்டும் நினைவில் நிற்கிறது. நடித்தவரைக் குறை கூறி என்ன பயன்? ஏங்கியது நம் உள்ளமல்லவா?

ஜீன்ஸ் என்னும் கால்சட்டையின் கதையையும் கேளுங்கள். 1873-இல் அமெரிக்காவில் லெவி ஸ்ட்ராஸ், ஜேக்கப் டேவிஸ் என்ற இருவர், தையல் பிரியும் இடங்களில் உலோக ஆணி அடித்து உறுதியாக்கிய கால்சட்டைக்குக் காப்புரிமை பெற்றார்கள். சுரங்கத்திலும் வயலிலும் பாடுபடும் உழைப்பாளிகளுக்கு அது சீக்கிரம் கிழியாமல் உழைக்க வேண்டும் என்பதே நோக்கம். 1950-களில் ஹாலிவுட் படங்களில் இளம் நடிகர்கள் அதை அணிந்து தோன்றவே, உழைப்பாளியின் உடை வாலிபரின் நாகரிகமாயிற்று. இன்றோ, கிழியாமல் இருப்பதற்கென்று தோன்றிய அதே உடையை முழங்காலில் கிழித்து, கிழித்ததற்கும் சேர்த்து விலை வாங்குகிறார்கள்!

அமீருல் முஃமினீன் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், தோள்களுக்கிடையே ஒட்டுப் போட்ட சட்டையை அணிந்திருந்ததை அனஸ் (ரலி) அவர்கள் கண்டு அறிவித்திருக்கின்றார்கள். பெரும் ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர் கிழிசலை ஒட்டுப் போட்டு மறைத்தார். கூலி வேலை செய்பவரின் மகன் கிழிசலைக் கடன் பட்டு வாங்குகிறான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கின்றது. துணி கிழிந்த பின்தான் மனிதன் புதுத்துணி வாங்குவான் என்றால் வியாபாரம் எத்தனை நாளைக்கு ஒரு முறை நடக்கும்? ஆகவே, துணி கிழிவதற்கு முன் அது கண்ணுக்குப் பழசாகிவிட வேண்டும். ஒரு காலத்தில் காலடியில் அகன்று விரிந்த பெல்பாட்டம், பிறகு காலோடு ஒட்டிய குழாய், மறுபடியும் அகலம். மாறுவது உங்கள் தேவையா? இல்லை, உங்கள் பெட்டியில் இருப்பதை நீங்களே வெறுக்கும்படிச் செய்யும் வித்தை.

அப்படியானால் இஸ்லாம் அழகை வெறுக்கிறதா? அல்லாஹ் பாதுகாப்பானாக! தொழுமிடம் தோறும் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுமாறும், வீண் விரயம் செய்யாதிருக்குமாறும் ஸூரத்துல் அஃராபில் அல்லாஹ் ஒரே வசனத்தில் கட்டளையிடுகின்றான். தலைமுடி கலைந்து வந்தவரைக் கண்டு, முடியைப் படிய வைக்க இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். தம் ஆடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டும் என ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகன், அழகையே விரும்புகின்றான் என்றும், சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாக நினைப்பதுமே பெருமை என்றும் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது.

ஆக, குற்றம் துணியில் இல்லை. அது யாருடைய பார்வைக்காக உடுத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது. தொளதொளப்பாக, மறைக்க வேண்டியதை மறைத்து, சக்திக்கு உட்பட்டு வாங்கிய கால்சட்டையை யாரும் ஹராம் என்று சொல்லவில்லை. ஆனால் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பது ஆண்மகனுக்குக் கடமையாயிற்றே! தொடை தெரியக் கிழித்த உடையோடு தொழுகை எப்படி நிறைவேறும்? இடுப்புக்குக் கீழே இறங்கிய கால்சட்டையோடு ஸஜ்தாவில் குனியும் வாலிபனுக்குப் பின்னால் நிற்பவரின் சங்கடத்தை ஜும்ஆ தோறும் காண்கிறோம். உடை பற்றிய பேச்சென்றால் பெண்களை மட்டும் கடிந்துகொண்டு இறங்கிவிடுகிறோம். பார்வையைத் தாழ்த்தும் கட்டளையை ஸூரத்துன் நூரில் அல்லாஹ் முதலில் ஆண்களுக்கன்றோ விதித்திருக்கின்றான்!

இன்னும் ஒன்று. பிறர் தன்னைப் பேச வேண்டும் என்பதற்காக உலகில் புகழாடை அணிந்தவருக்கு மறுமையில் இழிவின் ஆடை அணிவிக்கப்படும் என்ற கருத்தில் அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் ஹதீஸ் வந்துள்ளது. பகட்டான உடை மட்டுமல்ல, தன்னைப் பெரிய பக்திமானாகக் காட்டிக்கொள்ள அணியும் எளிய உடையும் இதில் அடங்கும் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கின்றார்கள். கல்லும் ஜரிகையும் மின்னும் விலையுயர்ந்த புர்காவும் இதில் வரலாம். மிம்பரில் ஏறுமுன் கண்ணாடி முன் தலைப்பாகையை மூன்று முறை சரி செய்துகொள்ளும் இந்த எளியவனும் இதில் வரலாம். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

அன்பர்களே! முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை உங்கள் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யுங்கள். மக்கத்து வாலிபர்களில் அவரைப் போல் உடுத்தியவரும் நறுமணம் பூசியவரும் அரிது. செல்வச் சீமாட்டியான தாயின் செல்லப்பிள்ளை. கலிமாச் சொன்ன பின் அத்தனையும் பறிபோயின. அவரோ திரும்பியும் பார்க்கவில்லை. மதீனத்து மக்களுக்குக் குர்ஆன் கற்றுக்கொடுக்க நாயகம் (ஸல்) அவர்கள் அவரையே அனுப்பினார்கள். ஹிஜ்ரி 3-இல் உஹதுப் போரில் இஸ்லாமியக் கொடியைத் தாங்கி ஷஹீதானார். கபனிட இருந்ததோ ஒரே ஒரு போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைப் போர்வையால் மூடி, கால்களை இத்கிர் என்னும் புல்லால் மறைத்து அடக்கினார்கள்.

ஆண்டுகள் கழிந்தன. நோன்பாளியான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் முன் உணவு வைக்கப்பட்டது. என்னிலும் சிறந்தவரான முஸ்அப் போதிய கபனும் இல்லாமல் அடக்கப்பட்டாரே, நமக்கோ உலகம் விரிக்கப்பட்டுவிட்டதே என்று அழுது, உணவையே விட்டுவிட்டார்கள். புகாரியில் காணும் செய்தி இது.

நாமும் ஒரு நாள் அணியப் போகும் கடைசி உடைக்குப் பையும் இல்லை, பொத்தானும் இல்லை. அதில் மாடல் பார்ப்பாருமில்லை.

ஆகவே பெற்றோர்களே! பெருநாளைக்குத் துணி எடுக்கப் புறப்படுமுன் வீட்டில் உட்கார்ந்து நம் சக்தி இவ்வளவு என்று பிள்ளைகளிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். தகப்பனின் உழைப்பைத் தெரிந்த பிள்ளை வட்டிக்கு வாங்கச் சொல்லாது. உடுத்துமுன் இது மானத்தை மறைக்கிறதா, வரவுக்குள் அடங்குகிறதா, எந்த ஏழையின் மனத்தையும் நோகடிக்காமல் இருக்கிறதா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வசதி படைத்தவர்களே! உங்கள் பிள்ளைக்கு இரண்டு எடுத்தால் அண்டை வீட்டு ஏழைப் பிள்ளைக்கு ஒன்று எடுங்கள். பழையதைக் கழித்துக் கட்டுவது தர்மமல்ல. தமக்குப் பிரியமானதிலிருந்து கொடுக்காதவரை நன்மையை அடைய முடியாது என்பது திருமறையின் போதனை. பழைய உடையில் வந்த பிள்ளையைக் கேலி செய்ய உங்கள் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். அந்தக் கேலிக்குப் பயந்துதான் எத்தனையோ தகப்பன்மார் கடன் வாங்குகிறார்கள்.

அந்தச் சகோதரரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வட்டியிலிருந்து மீட்டோம், அல்ஹம்துலில்லாஹ். அவர் கண் கலங்கி, "ஹஜ்ரத், பெருநாளன்னிக்கு எம்புள்ள தலை குனிஞ்சுடக் கூடாதுன்னுதான் வாங்கினேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பிள்ளை பழைய சட்டையிலும் தலை நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரு ஜமாஅத்தாக நாம் இல்லையே என்றுதான் வெட்கப்பட்டேன்.

உடைகளிலெல்லாம் சிறந்தது தக்வா என்னும் உடையே என்று இறைவன் அருளியிருக்கின்றான். அந்த உடையை நமக்கும் நம் மக்களுக்கும் அவன் அணிவிப்பானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்!