மையின் நிறம் எங்கே இருக்கிறது?

பிரான்சின் ஜாக் எர்பின் நிறுவனம் 2015இல் 'எமரால்ட் ஆஃப் சிவோர்' என்றொரு பேனா மையை வெளியிட்டது. சுமார் 0.3 மில்லிமீட்டர் கோடு விழும் மெல்லிய நிப்பில் எழுதினால் அது நீலம் கலந்த பச்சை; பெரும்பாலும் அவ்வளவுதான். 1 மில்லிமீட்டர் பட்டை நிப்பில், மையைச் சட்டென்று உறிஞ்சாத வழவழப்பான தாளில் எழுதினால் கதையே வேறு. எழுத்தின் தொடக்கம் வெளிறியும், நிப்பைத் தூக்கிய இடம் கறுத்தும் நிற்கிறது. மை தேங்கிக் காய்ந்த விளிம்பில் இரத்தச் சிவப்பாய் ஒரு மினுக்கம் ஓடுகிறது. புட்டி ஒன்று, மை ஒன்று. இவற்றில் எது அதன் நிறம்? கேள்வி பழையது: வெறும் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் இரத்தம், நுண்ணோக்கியில் தெளிந்த நீரில் சில சிவப்பு உருண்டைகளாகத் தெரிவதைத் தத்துவவாதி ஜான் லாக் எடுத்துக்காட்டினார். 1713இல் இன்னொரு தத்துவவாதியான பார்க்லி இந்த வழியே இன்னும் தொலைவு போனார்: தோற்றங்கள் பல, அவற்றுள் ஒன்றை மட்டும் உண்மை என்று தேர்ந்தெடுக்க நியாயம் இல்லை, ஆகவே நிறம் பொருளில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்றார். நிப்பு மாறினால் நிறம் மாறுவது அவர் கட்சிக்கு வலு சேர்ப்பதாகத் தோன்றும். அது அவருக்கு எதிரான சாட்சி என்பதே என் வாதம்.

பேனா மை பெரும்பாலும் நீரில் கரைந்த சாயம். சுவரில் அடிக்கும் பெயிண்ட்போல அடியில் இருப்பதை மறைப்பதில்லை. வெளிச்சம் சாயத்தின் ஊடே இறங்கி, வெள்ளைத் தாளில் பட்டு, மறுபடி சாயத்தின் ஊடே ஏறி வருகிறது. மைப்படலம் இரட்டிப்பானால் ஊடுருவி வரும் ஒளி எப்போதும் சரிபாதியாகக் குறைவதில்லை. கால் பங்கு வந்த இடத்தில் பதினாறில் ஒரு பங்குதான் வரும். முக்கால் பங்கு வந்த இடத்திலோ பாதிக்கு மேலாகவே வரும். ஒவ்வொரு நிற ஒளியையும் சாயம் வெவ்வேறு அளவில் விழுங்குவதால், படலம் தடிக்கும்போது கருமை மட்டும் கூடுவதில்லை, சாயலே திரும்பிவிடக்கூடும். பூசணி விதை எண்ணெய் மெல்லிய படலமாகப் பச்சை, தடித்த அடுக்காகச் சிவப்பு. விளிம்பின் சிவப்பு மினுக்கத்துக்கும் காரணம் உண்டு: சாயம் எந்த ஒளியை மிகுதியாக விழுங்குகிறதோ, அதையே கெட்டித்துக் காய்ந்த அதன் மேற்பரப்பு பலமாகத் திருப்பி அனுப்புகிறது. நீல, பச்சைச் சாயங்கள் விழுங்குவது சிவப்பை. அதனால்தான் மினுங்குவதும் சிவப்பு. ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தெரிந்த இரண்டு நிறங்களும் ஒரே குணத்தின் இரண்டு வெளிப்பாடுகள். மனத்தில் மட்டுமே இருப்பது இப்படி நிப்பின் அகலத்துக்கும் தாளின் உறிஞ்சலுக்கும் கட்டுப்பட்டு, முன்கூட்டியே சொல்லத்தக்க விதத்தில் மாற வேண்டிய அவசியம் என்ன?

அப்படியானால் சாயம் நிறையத் தேங்கும் பட்டைக் கோட்டில் தெரிவதே உண்மை நிறம், மெல்லிய கோடு அதன் சோகையான நகல் என்று சிலர் சொல்லக்கூடும். மை வாங்குபவர்கள் பலர் மனத்தில் இருப்பதும் இதுதான். ஆனால் தடிமனே அளவுகோல் என்றால் மேலும் தடித்த படலம் மேலும் உண்மையாக வேண்டும்; அந்த வழியே போனால் புட்டிக்குள் இருக்கும் மைதான் முழு உண்மை. அடர்ந்த மைகள் பலவும் அங்கே கறுப்பாகத்தான் தெரிகின்றன! நம் தர்க்க மரபு இதே சிக்கலில் வேறு பக்கமாக வந்து நின்றது. அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் என்னும் நூல் ஏழு நிறங்களைச் சொல்கிறது; ஏழாவது 'சித்திரம்', அதாவது பலநிறம். ஒரு பொருளின் நிறம் அதை முழுவதும் வியாபித்திருக்க வேண்டும் என்று கொண்டதால், பல நிற நூலில் நெய்த துணிக்குத் தனியாக ஒரே நிறம் கற்பிக்க நேர்ந்தது. தலை வெளிறி வால் கறுத்த ஒரு மைக்கோட்டைச் 'சித்திரம்' என்றால் பெயர் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. நிறம் பொருளைச் சார்ந்தது என்ற தர்க்கவாதிகளின் பிடி சரி. இடத்துக்கு ஒன்றாகத் தெரிந்தால் அது பொருளின் குணமாகாது என்ற அச்சம்தான் வீண். உப்பு எண்ணெயில் கரையவில்லை என்பதற்காக அதன் கரையும் தன்மையை யாரும் மறுப்பதில்லை.

இன்னும் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. விழித்திரையின் நடுமையத்தில் நீல ஒளியை உணரும் கூம்பு உயிரணுக்கள் அநேகமாக இல்லை. அதனால் மிக மெல்லிய கோட்டில் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறியக் கண் திணறுகிறது. வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு கரைந்தே போகிறது. இங்கே மாறியது படலத்தின் தடிமன் அல்ல, கண்ணில் விழும் பிம்பத்தின் அளவு. ஆக நிறத்தில் பார்ப்பவனுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பங்கு உண்டு என்பது வேறு, எல்லாம் அவனுடையதே என்பது வேறு. அந்த இரண்டு பங்குகளையும் பிரித்துப் பார்க்க முடிகிறது: பூதக்கண்ணாடியை வைத்தால் கருநீலம் கறுப்பிலிருந்து விலகித் தெரிகிறது, ஆனால் மெல்லிய கோட்டில் இல்லாத சிவப்பு விளிம்பை எந்தக் கண்ணாடியும் கொண்டுவருவதில்லை. முதலாவது குறை கண்ணுடையது, இரண்டாவது மைப்படலத்துடையது. பார்க்லி நுண்ணோக்கியைக் கையில் எடுத்தது தோற்றங்கள் பல என்று காட்டத்தான். எந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்லவும் அதே கருவி உதவும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.