வாயில்லா உயிரின் தட்டில் சிக்கனம்

நாயும் பூனையும் வளர்க்கும் வீட்டில் மாதந்தவறாமல் வரும் செலவு அவற்றின் உணவுச் செலவு. குடும்பக் கணக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நிலை வரும்போது இதையும் குறைக்கத் தோன்றும். அப்படிக் குறைப்பது தகுமா என்பது வரவுசெலவோடு முடிந்துவிடும் கேள்வி அன்று. தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்பவர் தெரிந்தே குறைத்துக்கொள்கிறார். பிள்ளைகளின் சாப்பாட்டில் குறை வைத்தால் அவர்கள் வாய்விட்டுக் கேட்பார்கள். நாயும் பூனையும் வைத்ததைத் தின்னும். தட்டில் இருப்பதில் எந்தச் சத்து இல்லை என்று அவற்றால் சொல்ல முடியாது. மிச்சமாகும் பணம் ஒருவர் கைக்கும், அதனால் வரும் இழப்பு இன்னோர் உடலுக்கும் போகக்கூடிய இடம் இது. எந்தச் சிக்கனம் தகும், எது தகாது என்பதை அறிய, உணவளிக்கும் கடமை எங்கிருந்து பிறக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

கடமை பிறக்கும் இடம்

இந்தக் கடமையின் காரணத்தை மிகத் துல்லியமாகச் சொல்லும் சமயச் செய்திகளில் ஒன்று, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்தாள், அது இறந்துபோனது, அதற்காக அவள் தண்டனைக்கு ஆளானாள் என்று நபிகள் கூறியதாக அச்செய்தி அமைகிறது. அவள் அதற்கு உணவு தரவில்லை, தரையில் ஊரும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்ன அவிழ்த்துவிடவும் இல்லை. குற்றம் இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இருக்கிறது. தானே இரைதேடும் வழியை அடைத்தவர், அந்த இரைக்குப் பொறுப்பாளி ஆகிறார். இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலரும் இந்தப் பொறுப்பைச் சட்டமாகவே வகுத்தனர்: வளர்ப்பு விலங்குக்கு உணவளிக்க மறுப்பவரை, உணவளிக்கவோ அதை விற்றுவிடவோ கட்டாயப்படுத்தலாம் என்பது அவர்கள் கருத்து.

யூத மரபு இதே கடமைக்கு நேர ஒழுங்கையும் சேர்க்கிறது. உபாகமம் 11ஆம் அதிகாரத்தில் கால்நடைக்குப் புல் என்பது முதலிலும், மனிதர் உண்டு நிறைவது பிறகும் வருகிறது. இந்த வரிசையை ஆதாரமாகக் கொண்டு, தன் விலங்குக்கு உணவு வைக்காமல் ஒருவர் உண்ணக்கூடாது என்று தால்முத் விதிக்கிறது. இந்தியாவின் தரும சாத்திரங்கள் இல்லறத்தாருக்கு வகுத்த ஐந்து வேள்விகளில் ஒன்று பூத வேள்வி. நாய், காகம், புழு முதலிய உயிர்களுக்கென்று சோற்றில் ஒரு பங்கைத் தரையில் வைப்பது அது. பாரதத்தின் மகாபிரஸ்தான பருவத்தில் தருமன், தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுக்கிறான். அடைக்கலமாக வந்ததைக் கைவிடுவது பெரும்பாவம் என்பது அவன் வாதம்.

மேலைத் தத்துவம் இந்த இடத்துக்குச் சற்றுச் சுற்றி வந்தது. விலங்குகளுக்கு நேரடியான கடமை மனிதருக்கு இல்லை என்றார் இம்மானுவேல் காண்ட். ஆனாலும் நெடுங்காலம் உழைத்துக் கிழமான நாயைச் சாகும்வரை பேண வேண்டும் என்றும், விலங்கிடம் கொடுமை பழகியவர் மனிதரிடமும் கொடியவராவார் என்றும் தம் அறவியல் விரிவுரைகளில் கூறினார். 1789இல் வெளியான நூலில் ஜெரமி பெந்தம் கேள்வியையே மாற்றினார்: பகுத்தறிவோ பேச்சோ அளவுகோல் ஆகாது, துன்பத்தை உணர முடிகிறதா என்பதே பார்க்கத்தக்கது என்றார். 2010இல் கிளேர் பாமர் எழுதிய விலங்கு அறவியல் நூல் உறவை மையமாக்கியது. காட்டு விலங்கின் பசியைத் தீர்க்கும் கடமை மனிதருக்குப் பொதுவாக இல்லை. மனிதர் தம் தேவைக்காகப் பழக்கி, தம்மைச் சார்ந்தே வாழும்படி ஆக்கிய விலங்குக்கு அந்தக் கடமை உண்டு என்பது அவர் நிலைப்பாடு.

இவ்வளவு வேறுபட்ட மரபுகளும் ஓர் இடத்தில் கூடுகின்றன. வளர்ப்பு விலங்குக்கு இடும் உணவைத் தானம் என்பதைவிடக் கடன் என்பதே பொருந்தும். தானத்தின் அளவைக் கொடுப்பவர் முடிவு செய்யலாம். கடனின் அளவை வாங்கியவர் தம் வசதிக்கேற்பக் குறைத்துவிட முடியாது.

கடனின் அளவை உடலே சொல்லும்

கொடுக்க வேண்டியது எவ்வளவு, எத்தகையது என்பதை வளர்ப்பவரின் மனநிறைவு முடிவு செய்வதில்லை. விலங்கின் உடல் முடிவு செய்கிறது. பூனை ஊன் உண்டே வாழும்படி அமைந்த உயிர். டாரின் என்னும் சத்தைப் போதிய அளவு அதன் உடலால் செய்துகொள்ள முடியாது. காய்கறியில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் அதனால் இயலாது. டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும். இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோயும் அதே குறையால் வருகிறது என்பது 1987இல் அமெரிக்க ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. கடையில் விற்ற உணவையே தின்று வந்த பூனைகளிடமும் அந்நோய் காணப்பட்டது. அதன் பின் உற்பத்தியாளர்கள் டாரின் அளவை உயர்த்தினர்.

நாயின் நிலை வேறு. ஓநாயிடம் மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஏஎம்ஒய்2பி மரபணுவுக்குப் பொதுவாக இரண்டு படிகளே உண்டு. நாய்களிடம் அது பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதரோடு சேர்ந்து தானிய உணவுக்குப் பழகிய வரலாறு நாயின் உடலிலேயே பதிந்திருக்கிறது. அதனால் சோறு நாய்க்கு ஆகாததன்று. வெறும் சோறும் பாலும் மட்டும் என்றால் புரதம், கால்சியம், துத்தநாகம் போன்றவை குறைந்துபோகும்.

பாக்கெட்டில் நல்ல உணவை அடையாளம் காட்டுவது விலையோ படமோ அல்ல. முழுமையான, சமச்சீரான உணவு என்ற உறுதிமொழியும், அது எந்த வயது விலங்குக்கு என்ற குறிப்புமே. அமெரிக்காவில் ஆஃப்கோ, ஐரோப்பாவில் ஃபெடியாஃப் ஆகிய அமைப்புகள் வகுத்த சத்து அளவுகளை ஒட்டியே பல நாடுகளில் இந்த உறுதிமொழி அச்சிடப்படுகிறது. அது இல்லாதவை இடையில் கொடுக்கும் தீனிகள். அவற்றையே அன்றாட உணவாக்குவது பிழை.

தகுந்த சிக்கனம்

வளர்ப்பவரின் வீண்செலவிலும் பெருமையிலும் கைவைக்கும் சிக்கனம் தகுந்தது. அதில் முதலாவது அளவு. லேப்ரடார் நாய்கள் 48ஐக் குட்டியிலிருந்தே இரு குழுக்களாக வளர்த்த நெடுங்கால ஆய்வொன்றின் முடிவு 2002இல் வெளியானது. மற்றக் குழுவிலுள்ள தன் இணை நாயைவிட 25 சதவீதம் குறைவாக உணவு பெற்ற குழுவின் நடு ஆயுள் 13 ஆண்டு. மற்றதன் நடு ஆயுள் 11.2 ஆண்டு. மெலிந்த நாய்களுக்கு மூட்டுத் தேய்வும் தாமதமாகவே வந்தது. கண்ணளவாகக் கொட்டாமல் எடைபோட்டு வைப்பதும், விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் உடல்வாகைப் பேணுவதும் பணத்தையும் ஆயுளையும் ஒருசேரக் காக்கும். தட்டு நிறைவதை அன்பின் அளவாகக் கொள்ளும் வழக்கம் விலங்குக்கு நன்மை செய்வதில்லை.

இரண்டாவது, விலையை ஒப்பிடும் முறை. ஒரு கிலோ 400 ரூபாய் விற்கும் உணவில் 3,200 கலோரியும், 500 ரூபாய் விற்கும் உணவில் 4,000 கலோரியும் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டிலும் 1,000 கலோரிக்கு ஆகும் செலவு 125 ரூபாய்தான். புரதத்தை ஒப்பிடும்போது ஈரத்தைக் கழித்துவிட வேண்டும். 78 சதவீதம் ஈரமுள்ள டப்பா உணவில் 10 சதவீதம் புரதம் என்று போட்டிருந்தால், நீர் நீக்கிய நிலையில் அது ஏறத்தாழ 45 சதவீதம். 10 சதவீதம் ஈரமுள்ள உலர் உணவில் 27 சதவீதம் என்பது, அதே கணக்கில் 30 சதவீதம்.

மூன்றாவது, மனிதரின் கண்ணைக் கவரச் சேர்த்தவற்றுக்குப் பணம் தராமல் இருப்பது. வண்ணமும் வடிவமும் நாய்க்குப் பொருட்டல்ல. தானியமற்ற உணவு உயர்ந்தது என்ற எண்ணத்துக்கு அதிக விலை கொடுக்கப்படுகிறது. தானிய ஒவ்வாமை உள்ள சில நாய்களைத் தவிர மற்றவற்றுக்கு அதனால் தனி நன்மை உண்டென நிறுவப்படவில்லை. பயறு வகைகள் மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயநோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது; காரணத் தொடர்பு உறுதிப்படவில்லை. விலை ஏறுவதால் மட்டும் தரம் ஏறிவிடாது என்பதற்கு இது போதுமான சான்று.

நான்காவது, மனிதர் ஒதுக்கும் ஊன். ஈரல், இதயம், இரைப்பை, கோழிக் கழுத்து போன்றவை மலிவானவை, சத்தும் மிகுந்தவை. உணவுக்காக ஏற்கெனவே கொல்லப்பட்ட உயிரின் எந்தப் பகுதியும் வீணாகாதிருப்பது அறத்துக்கும் உகந்தது. வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் எலும்பை நீக்கியே தர வேண்டும். ஈரலை நாள்தோறும் மிகுதியாகத் தந்தால் வைட்டமின் ஏ மிஞ்சிப்போகும். வீட்டுச் சமையலையே முழு உணவாக்க நினைப்பவர், கால்நடை மருத்துவரிடம் கேட்டு அளவுகளை அமைத்துக்கொள்வதே முறை.

தகாத சிக்கனம்

விலங்கின் உடலிலிருந்து எடுக்கும் சிக்கனம் தகாதது. மலிவு என்பதற்காக நாய்க்கான உணவைப் பூனைக்கு வைப்பது அப்படிப்பட்டது. அதில் பூனைக்குத் தேவையான டாரின் உறுதியில்லை. வளரும் குட்டிக்கு வளர்ந்த நாயின் உணவை வைப்பதும், பூசணம் பிடித்ததைக் கொட்ட மனமின்றித் தருவதும் அதே வகை. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோற்றை மிச்சம் என்று கொட்டுவது இன்னும் தீது. அவை நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும். தள்ளுபடிக்கேற்ப வாரம் ஓர் உணவு என்று மாற்றுவது வயிற்றைக் கெடுக்கும். புதிய உணவை ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, பழையதோடு கலந்து சிறிது சிறிதாகக் கூட்டியே பழக்க வேண்டும். புது உணவைப் பிடிக்காமல் சில நாள் பட்டினி கிடக்கும் பூனைக்கு, உயிருக்கே ஆபத்தான கல்லீரல் நோய் வரக்கூடும்.

இந்தத் தீமை வணிக அளவில் என்ன செய்யும் என்பதை 2007ஆம் ஆண்டு காட்டியது. சீனாவிலிருந்து வாங்கிய கோதுமைப் புரதப் பொடியில் மெலமைன் கலந்திருந்தது. புரதத்தை நைட்ரஜன் அளவு கொண்டு கணக்கிடும் சோதனையில் மெலமைன் புரதமாகத் தோற்றமளிக்கும். ஆகவே மட்டமான பொடி உயர்ந்த பொடியாக விலைபோனது. அதைத் தின்ற நாய்களும் பூனைகளும் வட அமெரிக்காவில் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. ஏராளமான தயாரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. வாங்கியவர் ஏமாந்தார், விற்றவர் ஆதாயம் பார்த்தார், உயிரை விட்டது இரண்டிலும் சேராத மூன்றாவது தரப்பு.

கொல்லாமையும் பூனையின் பசியும்

புலால் மறுத்தவருக்கு இங்கே ஒரு கடினமான சிக்கல் எழுகிறது. வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசியாற்றுவதையே வழிபாடாக்கிய வள்ளலார், ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியை ஆற்றுவது ஜீவகாருணியம் ஆகாது என்று தெளிவாகவே எழுதினார். தில்லி சாந்தினி சௌக்கில் சமணர் நடத்தும் பறவை மருத்துவமனை, ஊன் தின்னும் பறவைகளை உள்நோயாளியாக வைத்துக்கொள்வதில்லை. சிகிச்சையை மறுக்காமலும் கொலைக்கு உடன்படாமலும் அங்கே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2011இல் வெளியான சூபோலிஸ் என்னும் நூலில் சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் வளர்ப்பு விலங்குகளைச் சமுதாயத்தின் குடிகளாகவே கருதி வாதிட்டனர். ஊன் இன்றி வாழ இயலாத பூனை அந்தச் சமுதாயத்தில் எழுப்பும் சிக்கலை அவர்களும் நேரடியாக எதிர்கொண்டனர்.

இதில் விரதத்தையும் கடமையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விரதம் அதை ஏற்றவரைக் கட்டும். ஏற்காத உயிரின் மேல் அதைச் சுமத்த முடியாது. நன்கு வகுத்த சைவ உணவில் நாய் நலமாக வாழ இயலும் என்பதால், நாய் வளர்ப்பவருக்கு மருத்துவ மேற்பார்வையோடு வழி இருக்கிறது. பூனைக்கு ஊனே இயல்பான உணவு. ஊனை வீட்டுக்குள் அனுமதிக்க மனம் ஒப்பாதவர் பூனையை வளர்க்காமல் இருப்பதே நேர்மை. வளர்க்கத் தொடங்கியபின், தன் விரதத்தின் பெயரால் அதை நோயாளி ஆக்கினால் கொல்லாமை நிறைவேறாது.

மனிதரின் பசியும் கைக்கடங்கிய எண்ணிக்கையும்

மனிதர் பசித்திருக்கையில் நாய்க்குச் செலவிடலாமா என்பதும் நெடுங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி. உள்ளதைப் பகுத்துண்டு பல உயிர்களையும் காப்பதே அறங்களில் தலையாயது என்னும் கருத்தைத் திருக்குறள் கொல்லாமை அதிகாரத்தில் வைத்திருக்கிறது. மனிதர் ஒரு பக்கம், விலங்கு மறுபக்கம் என்று அங்கே பிரிக்கவில்லை. ஏற்றுக்கொண்ட கடனைத் தீர்ப்பது ஒரு கடமை, பசித்த மனிதருக்கு உதவுவது இன்னொரு கடமை. ஒன்றை மறுத்து மற்றதைச் செய்ததாகச் சொல்ல முடியாது. ஆடம்பரத் தீனியிலும் அலங்கார உணவிலும் மிச்சமாகும் பணம் பசித்தவருக்குப் போகுமானால் அந்தச் சிக்கனம் இரட்டிப்பாக நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய சேமிப்பு, விலங்கை வீட்டுக்கு அழைத்துவரும் முன்பே செய்ய வேண்டியது. ஒரு நாயை நன்றாக வளர்க்கும் வருவாயில் மூன்றை அரைகுறையாக வளர்ப்பது இரக்கம் போலத் தோன்றும். மூன்றுக்கும் கடன்பட்டு ஒன்றுக்கும் முழுதாகத் தீர்க்காத நிலை அது. கருத்தடை செய்வதும், உணவோடு தடுப்பூசி, மருத்துவச் செலவுகளையும் சேர்த்து ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். வருவாய் திடீரென்று குறைந்துபோனால் முதலில் ஆடம்பரத்தை விட வேண்டும். அடுத்து, சமச்சீர் உறுதிமொழியுள்ள மலிவான உணவுக்குப் படிப்படியாக மாற வேண்டும். அதுவும் இயலாதபோது, பேண வல்ல இன்னொரு வீட்டைத் தேடித் தருவதும் கடனைத் தீர்க்கும் முறைதான். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் காட்டிய வழியும் அதுவே.